குடைக்கம்பி விளக்கு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இது நடந்தது. எனக்கு, என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எல்லாரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். என் கதையில் அதெல்லாம் கிடையாது. மணி மதியம் 2:40. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். தெரு முனையில் சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று செண்டோல் என்கிற மலாய் ஐஸ் இனிப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் குமுதா. ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருக்கிறேன். பதினாறு வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருந்தவள். மீட்டரில் முள் அசைந்தால்தான் கரண்ட் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன். ஆள்குறைப்பில் வேலை போனதும் பழைய இரும்பில் விளக்கு செய்ய ஆரம்பித்தேன். மோட்டார் சைக்கிள் ஹெட்லைட், தண்ணீர்க் குழாய், கடிகாரச் சக்கரம், எது கிடைத்தாலும் சரி. சும்மா நின்று எரிகிற விளக்கு இல்லை. ஒன்று தலையாட்டும், ஒன்று கண் சிமிட்டும், ஒன்று நீங்கள் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காப்பிக் கடைக்காரர்களும் சின்ன ஹோட்டல்காரர்களும் விரும்பி வாங்குகிறார்கள். சந்தில் எனக்குப் பைத்தியக்கார விளக்குக்காரி என்று பெயர். இருக்கட்டும்.

கீழே என் பட்டறை, மேலே வீடு. நடுவில் பலகைத் தரை மட்டும்தான். என் கணவர் லோகேஸ்வரனுக்கு ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் ஐந்து வரைக்கும் தூக்கம். அவருடைய குறட்டை பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். எட்டு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் வேலை பார்க்கிறேன். நின்றால்தான் எனக்கு உறுத்தும்.

சென்ற அக்டோபரில் கெப்பாலா பத்தாஸில் சீனி முகம்மது அண்ணன் வைத்திருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். மூலையில் ஒரு இரும்புத் தட்டு கிடந்தது. அதன்மேல் ஒரு தையல் மெஷின் மோட்டார், இரண்டு பல்சக்கரம், ஒரு கேம். கேம் என்றால் வேறொன்றும் இல்லை, கோணல்மாணலாக வெட்டிய ஒரு தட்டுச் சக்கரம். அது சுற்றும்போது அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கம்பி ஏறி இறங்கும். பக்கவாட்டில் கையால் சுற்றுவதற்கு ஒரு மரக் கைப்பிடி. யாரோ வீட்டில் உட்கார்ந்து செய்த சாமான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. வெல்டிங் கோணலாக இருந்தது, ஆனால் உறுதியாக இருந்தது.

"இது என்னண்ணே?"

"தெரியலம்மா. ஒரு லாரி இரும்போட வந்துச்சு. ஓடுது. எடுத்துக்க."

எந்த கேம் கிடைத்தாலும் அதை அரத்தால் தேய்த்து என் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டுத்தான் விளக்கில் பூட்டுவேன். இன்னொருவர் மெஷினின் அசைவு என் விளக்குக்கு எதற்கு? அது என் வழக்கம். இந்த ஒரு கேமை மட்டும் நான் தேய்க்கவில்லை. ஓடவிட்டுப் பார்த்தேன், அசைவு அவ்வளவு அழகு. மெதுவாக ஏறும். உச்சியில் சின்னதாக ஒரு தயக்கம். பிறகு நீளமாக இறங்கும். இதைவிட நன்றாக என்னால் வெட்ட முடியாது என்று அப்படியே விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

பசாரில் மீன் கடைக்கு மேல் நிற்குமே, பெரிய குடை, துணி கிழிந்ததால் தூக்கி எறிந்த ஒன்றை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். அதன் கம்பிகளைச் செம்புக் குழாய் மேல் நிறுத்தி, உள்ளே பல்பு போட்டு, இந்த மெஷினோடு இணைத்தேன். கம்பிகள் விரியும், சுருங்கும். ஒரு கூடு திறந்து மூடுவதுபோல இருக்கும்.

புதன்கிழமை. விளக்கை இருட்டில் பார்த்தால்தான் நிழல் எப்படி விழுகிறது என்று தெரியும். இரவில் சந்தில் கூட்டமும் பாட்டும் தாங்காது. அதனால் மதியத்தில்தான் சோதிப்பேன். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் பலகைகளை மூடி இடுக்குகளில் துணி திணித்தேன். உள்ளே கும்மிருட்டு.

2:40க்கு சுவிட்சைப் போட்டேன். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலை ஒரு மரக்கட்டையால் அழுத்தி நிறுத்தினேன்.

கம்பிகள் விரிந்தன. சுவரெல்லாம் நிழல் விரிந்தது. சின்னத் தயக்கம். பிறகு சுருங்கியது. கிர்ர்ர்... டக்... கிர்ர்ர்ர்ர். சந்தோஷத்தில் கைதட்டினேன். இதைக் காட்டினால் எந்த ஹோட்டல்காரனும் மயங்கிவிடுவான் என்று நினைத்தேன்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். ஏதோ ஒன்று காதில் நெருடியது.

குறட்டை.

அவருடைய குறட்டை எனக்கு மனப்பாடம். கரகரவென்று இழுப்பார், புஸ்ஸென்று விடுவார். இப்போது அப்படி இல்லை. மெதுவாக இழுத்தார். உச்சியில் ஒரு சின்ன விக்கல். பிறகு நீளமாக விட்டார்.

கம்பிகள் விரியும்போது இழுத்தார். சுருங்கும்போது விட்டார்.

தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரிப்புக்கூட வந்தது. பெடலைக் கொஞ்சம் தளர்த்தினேன். விளக்கு மெதுவானது.

குறட்டையும் மெதுவானது.

அழுத்தினேன். விளக்கு வேகமானது. மேலே மூச்சு வேகமானது... ஓடிவந்த ஆள் மாதிரி.

சிரிப்பு நின்றுவிட்டது. 2:56. சுவிட்சை அணைத்தேன்.

குறட்டை நின்றது.

விழித்துவிட்டார் என்று நினைத்தேன். கட்டில் கிறீச்சிடும், காலடி கேட்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. மேலே காற்றாடி ஓடும் சத்தம் மட்டும். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன்.

"என்னங்க?"

படியேறி ஓடினேன்.

மல்லாந்து படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். தலைமாட்டில் இருந்த தண்ணீரை முகத்தில் ஊற்றினேன். தண்ணீர் மூக்கின் மேல் அப்படியே நின்றது.

போன் கீழே மேசையில் இருந்தது. விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். கும்மிருட்டு. வெளிச்சம் வேண்டும். கைக்கு எட்டியது விளக்கின் சுவிட்ச்தான். போட்டேன்.

கிர்ர்ர்...

மேலே ஒரு பெரிய மூச்சு. தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர் இழுக்கிற மூச்சு.

மறுபடி மேலே போனேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. ஆனால் எவ்வளவு உலுக்கினாலும் கண் திறக்கவில்லை. கீழே வந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் சோதிக்காமல் நம்புகிற புத்தி எனக்கு இல்லை. ஒரே ஒரு விநாடி அணைத்தேன்.

நின்றது.

போட்டேன்.

வந்தது.

போனை எடுத்து ஆம்புலன்சுக்கு 999 அடிக்கப் போனேன். இரண்டு ஒன்பது அழுத்தியவள் நிறுத்திவிட்டேன். வந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். விளக்கு இங்கேயே இருக்கும். வாசற்படி தாண்டும்போது என்ன ஆகும்? இந்த விளக்கையும் ஏற்றுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? இப்போது யோசித்தால் எல்லாம் முட்டாள்தனமாகத் தெரிகிறது. அப்போது எனக்கு ஒரே நினைப்புதான். இது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தானாக எழும்வரைக்கும் நிற்கக்கூடாது.

3:22க்கு போன் மினுங்கியது. பக்கத்தில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் சலேஹாவின் குரல் செய்தி.

"அக்கா, மூணரைக்கு கரண்ட் கட் லா. நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களே, பாத்தீங்களா? அஞ்சு மணி வரைக்கும் வராதாம். ஃப்ரிட்ஜ்ல மீன் கீன் இருந்தா நம்ம கடைக்கு கொண்டாங்க. ஐஸ் பொட்டி இருக்கு."



எட்டு நிமிடம். அவசரத்துக்கு வைத்திருந்த பேட்டரியைப் போன மாதம்தான் ஒரு விளக்கில் போட்டு விற்றிருந்தேன். என்ன செய்வது, என்ன செய்வது என்று பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மரக் கைப்பிடி. பிடித்துப் பிடித்து வழவழவென்று தேய்ந்திருந்தது. அதற்குமுன் நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

தரையில் உட்கார்ந்தேன். கைப்பிடியைப் பிடித்தேன்.

3:30. பல்பு அணைந்தது. மேலே காற்றாடி முனகி நின்றது.

சுற்றினேன்.

மோட்டார் பெல்ட்டோடு சேர்த்துச் சுற்ற வேண்டியிருந்ததால் கல் மாதிரி கனத்தது. கிர்ர்ர்... டக்... மேலே மூச்சு வந்தது. எனக்கு அழுகை வந்தது. "இருங்க... இருங்க..." என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே சுற்றினேன்.

போன் மேசைமேல் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் எடுக்கலாம். இரண்டு எட்டு வைக்கக் கைப்பிடியை விட வேண்டும்.

சுவரில் நான் பழுது பார்த்து மாட்டிய சாவிக் கடிகாரம் இருந்தது. அது நாலு அடிப்பதற்குச் சற்று முன்னால் கதவைத் தட்டும் சத்தம்.

"அக்கா! உள்ள இருக்கீங்களா? மீன் இருக்கா?"

சலேஹா! கத்தப் போனேன்.

சத்தம் வரவில்லை.

தொண்டை அடைக்கவில்லை. பயத்தாலும் இல்லை. கைப்பிடி ஏறும்போது நான் மூச்சை இழுத்தேன். இறங்கும்போது விட்டேன். என் மூச்சும் அதோடு ஓடிக்கொண்டிருந்தது. கத்துவதற்குத் தனியாக மூச்சு என்னிடம் இல்லை.

"இல்ல போலருக்கு லா..."

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

கடிகாரம் நாலு அடித்தது.

தோள் எரிந்தது. விரல் மரத்தது. கை மாற்றலாம் என்றால் ஒரு விநாடி நிற்குமே... அந்த ஒரு விநாடிக்குத் துணிச்சல் இல்லை.

கிர்ர்ர்... டக்...

வியர்வை கண்ணில் வழிந்தது.

கிர்ர்ர்...

பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. நாலு இருபது இருக்கும். இனி முடியாது என்று தெரிந்தது. இன்னும் பத்துச் சுற்று. அதற்குமேல் கை விழுந்துவிடும். அவர் செத்துவிடுவார். நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒன்பது...

எட்டு...

பாங்கு முடிந்தது.

வலி நின்றது.

சட்டென்று நின்றது. கைப்பிடி பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. விரல் நுனியிலிருந்து ஒரு குளிர்ச்சி ஏறியது. மணிக்கட்டு... முழங்கை... தோள்...

சந்தோஷப்பட்டேன். கடவுளே என்று நினைத்தேன்.

கை சுற்றியது.

நான் சுற்றவில்லை.

கை சுற்றியது.

பிறகு...

வெளிச்சம். இருமல். நெஞ்சைக் கிழிக்கிற இருமல், என்னுடையதுதான். பல்பு எரிந்துகொண்டிருந்தது. மோட்டார் தானாக ஓடியது. கடிகாரத்தில் 5:10. என் எதிரே என் கணவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் போன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அவரைக் கட்டிக்கொண்டு கதறினேன். நடந்ததையெல்லாம் தாறுமாறாகக் கொட்டினேன். பைத்தியமா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"நீ தூங்கிட்ட. களைப்பு," என்றார். அவ்வளவுதான்.

"இதை அணைக்கவா?" என்று கேட்டேன்.

"வேணாம்!" என்று கத்தினார். என்னைப் பார்த்து அவர் அப்படிக் கத்தியதே இல்லை. "ஓடட்டும்."

அன்று அவர் ஷிஃப்டுக்குப் போகவில்லை. பட்டறையிலேயே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரவு 9:15க்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அவரே அணைத்தார். விளக்கு நின்றது. அவர் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் விளக்கைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு அவருக்கு ஒன்றும் இல்லை என்றார். "இவளையும் பாருங்க டாக்டர்," என்றார் கணவர். எனக்கும் ஒன்றும் இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள் சீனி முகம்மது அண்ணனிடம் போய் நின்றேன். அவர் லாரிக்காரனை விசாரித்து ஒரு நம்பர் வாங்கிக் கொடுத்தார். கெப்பாலா பத்தாஸுக்கு உள்ளே ஒரு கம்பத்து வீடு, கிராமத்துப் பக்கம். பெயர் ஹபீபா பீவி. கடை வாசலிலேயே நின்று போன் அடித்தேன்.

வயதான குரல். மெஷினைப் பற்றிச் சொன்னேன்.

"அது என் மகன் ஹைதர் செஞ்சதும்மா. மோட்டார் மெக்கானிக். கோவிட் நேரம். அவன் அத்தாவுக்கு மூச்சு இல்ல, எங்கயும் இடம் இல்ல. கையில அமுக்கி அமுக்கி காத்து குடுக்குற பை ஒண்ணு கிடைச்சுச்சு. எத்தனை நேரம் அமுக்குறது? ராவோட ராவா உட்காந்து அதை அமுக்குறதுக்கு இந்த மெஷினைப் பண்ணான்."

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அம்மாவின் கணவர் போய்விட்டார். அவருடைய மூச்சுதான் அந்த இரும்பில் இருக்கிறது.

"அவரு... எப்ப தவறினாரும்மா?"

"யாரு? என் வீட்டுக்காரரா? அல்லா காப்பாத்தணும், நல்லா இருக்காரு. இந்தா, வாசல்ல கோழிக்குத் தீனி போடுறாரு."

கடை வாசலில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"ஒருநாள் மதியம் கரண்ட் போச்சு. ஹைதர்தான் உட்காந்து கையால சுத்துனான். நான் ரெண்டு தடவை கேட்டேன், மாத்திக்கிறேன்டான்னு. பேசவே இல்ல. தலையைக்கூடத் திருப்பல. சுத்திக்கிட்டே இருந்தான். ஆறு மணிக்குக் கரண்ட் வந்துச்சு. மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் போய்த் தோளைத் தொட்டேன். அப்படியே சாஞ்சான். உடம்பு ஐஸு. டாக்டர் வந்து பாத்துட்டு, பையன் மவுத்தாகி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுதுன்னாரு."

"அம்மா..."

"நாலு மணிக்கே போயிட்டானாம், அம்மா. நான் ஆறு மணி வரைக்கும் அவன் சுத்துறதை நிலைப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. தீவுக்கு வரும் நீளப் பாலத்தில் கார் ஓட்டியது நினைவில்லை. கணவர் விழித்திருந்தார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன் குமுதா."

அன்று கரண்ட் வருவதற்கு முன்பே அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. புழுக்கம் தாங்காமல் போன் வெளிச்சத்தில் கீழே இறங்கியிருக்கிறார்.

"நீ சுத்திக்கிட்டு இருந்த. கண்ணு திறந்திருந்துச்சு. மூணு தடவை கூப்பிட்டேன். தொட்டுப் பாத்தேன், ஐஸ் மாதிரி இருந்த. மூக்குக்குக் கீழ விரலை வச்சேன்..."

"என்ன?"

அவர் போனைத் திறந்து, பழைய அழைப்புகளைத் தள்ளி, என்னிடம் நீட்டினார். 999. புதன்கிழமை. மாலை 5:09. நாற்பத்தோரு விநாடி.

"என்ன பிரச்சினைன்னு கேட்டாங்க. பொண்டாட்டி செத்துட்டாள்னு சொன்னேன். அட்ரஸ் சொல்றதுக்குள்ள கரண்ட் வந்துச்சு, நீ இருமுன. நான் வச்சிட்டேன்."

போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் பேசிக்கிட்டு இருந்தப்பவும் உன் கை சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."